ஆற்றில் இருக்கும் அப்பன்

மன்யாங் தன் வாழ்நாளில் பாதியைச் செத்துப்போன அண்ணன் மேல் பொறாமைப்பட்டே கழித்தான். உயிரோடு இருக்கும் அண்ணன் மேல் பொறாமைப்படுகிற தம்பிகள் எங்கள் டிங்கா சனத்தில் வேண்டிய மட்டும் உண்டு. மாடு பிரிக்கிற அன்றைக்குப் போய் நின்றால் நன்றாக வேடிக்கை பார்க்கலாம். ஆனால் எலும்பு கூடக் கிடைக்காமல் போன ஒருவனை நினைத்து வயிறு எரிந்தவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான். எரிந்ததில் தப்பும் இல்லை. அந்த நெருப்பு என் கூரையையும் சேர்த்துத்தான் பிடித்தது. அதனால் இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவள் கிடையாது. என் பெயர் அதியெங்.

அண்ணன் பெயர் அத்தேம். வடக்கே கார்ட்டூம் அரசாங்கத்தோடு நடந்த பழைய சண்டையில், எங்கள் நைல் கரை ஊர்களிலிருந்து பையன்கள் கூட்டம் கூட்டமாக எத்தியோப்பியாவுக்கு நடந்தே போனார்கள். அத்தேமும் போனான். நெற்றியில் ஆண்பிள்ளைக் கோடு கீறுகிற வயதுகூட அவனுக்கு அப்போது ஆகவில்லை. சில வருஷம் கழித்து அங்கிருந்தும் துரத்தினார்கள். திரும்பும் வழியில் ஆற்றைக் கடக்கும்போது அத்தேமை வெள்ளம் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவன் வந்து சொன்னான். அப்பா அஜாக் ஒரு காளையை வெட்டினார், தலையை மழித்துக்கொண்டார், அழுதார். அத்தோடு முடிந்தது என்று மன்யாங் நினைத்தான்.

மன்யாங் வளர்ந்தான். கோடு கீறிக்கொண்டான். கத்தி நெற்றியைச் சுற்றி வந்தபோது அவன் இமைகூடத் தட்டவில்லை. அந்தக் கோடையில் மாட்டுப்பட்டியில் ஆட்டம் நடந்தபோது, தன் காளையைப் பற்றிப் பாடிக்கொண்டு, கொம்பு மாதிரி இரண்டு கையையும் தூக்கி என் முன்னால்தான் வந்து குதித்தான். ஊரே பார்த்தது. என் அப்பாவும் பார்த்தார். எத்தனை மாடு கேட்கலாம் என்று அன்றைக்கே மனக்கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்.

மன்யாங் தன் அப்பாவிடம் போய் என் பெயரைச் சொன்னான். அஜாக் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூத்தவன் பேரு மண்ணுல கிடக்கு. உனக்குப் பொண்டாட்டி கேக்குதா?"

"அவன் செத்துட்டான்பா."

"செத்தா பேரும் சாகணுமா? அவனுக்குப் பொண்டாட்டி வேணும், புள்ளை வேணும். முதல்ல அண்ணனுக்குக் கட்டு. அவன் வீட்டை நீ நடத்து. அப்புறம் மாடு மிஞ்சினா உனக்குப் பாப்போம்."

எங்கள் வழக்கம் அது. குழந்தை இல்லாமல் செத்தவனுக்குத் தம்பி பெண் கட்ட வேண்டும். அவளோடு தம்பிதான் படுக்க வேண்டும், தம்பிதான் உழைத்துப் போட வேண்டும். பிறக்கிற பிள்ளைகள் மட்டும் செத்தவனுடைய பிள்ளைகள். மறுத்தால் செத்தவன் சும்மா இருக்க மாட்டான், மாடு சினை பிடிக்காது, தம்பிக்குப் பிறப்பதும் தங்காது.

அப்படியாக, என் அப்பாவின் தொழுவத்துக்கு வந்திருக்க வேண்டிய மாடுகள் அலுவெல் என்கிற ஒருத்தியின் அப்பன் தொழுவத்துக்குப் போயின. அலுவெல் உயரம். கழுத்து நீளம். சிரித்தால் முன்பல் இடைவெளி தெரியும், அதை எங்கள் ஆண்கள் பெரிய அழகென்று சொல்வார்கள். எனக்கு ஒன்றும் அப்படித் தெரியவில்லை. மாடு ஓட்டிப்போன அன்றைக்கு நான் வழியோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மன்யாங் என்னோடு ஆடியபோது எந்தக் காளையைப் பாடினானோ அதுவும் அதில் இருந்தது.

என்னை ஒரு கிழவனுக்குக் கட்டினார்கள். பிள்ளை தங்கவில்லை என்று அவன் வீட்டார் கொடுத்த மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள். நான் என் அண்ணன் வீட்டு ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அலுவெலின் வாசல் தெரியும். அதற்காகத்தான் அங்கே போட்டேன் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும்.

அலுவெலுக்கு முதலில் பெண் பிறந்தது. அகெச். அது பேச ஆரம்பித்த நாளில் நான் உரல் இரவல் வாங்க அங்கே போயிருந்தேன். மன்யாங் அதைத் தூக்கி வைத்திருந்தான். அது அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றது. அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நிழலில் படுத்திருந்த அஜாக் எழுந்து உட்கார்ந்தார்.

"இவன் சித்தப்பா. உன் அப்பன் ஆத்துல இருக்கான்."

குழந்தைக்கு என்ன புரியும். அது மறுபடி "அப்பா" என்றது. கிழவர் மறுபடி அதையே சொன்னார். மன்யாங் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுக் குடிசைக்குப் பின்னால் போய்விட்டான்.

அதன் பிறகு இரண்டு பையன்கள். மூன்றும் அவனைச் சித்தப்பா என்றே கூப்பிட்டன. மூன்றுக்கும் தகப்பன் பெயர் அத்தேம். மூத்த பையன் நன்றாக மல்லுக்கட்டினால் ஊரில் பெரியவர்கள், "அத்தேம் ரத்தம்டா" என்பார்கள். பக்கத்தில் மன்யாங் நிற்பான், அதே மூக்கு, அதே முன்னங்கை. ஒருநாள் என்னிடம் மட்டும் வாய்விட்டான்.

"ராத்திரி பகல்னு ஓடறது நான். பேரு அவனுக்கு. அவன் என்ன செஞ்சான் சொல்லு. செத்தான். அதுகூட ஒழுங்கா கரையில சாகல."

"நீயும் செத்துப் பாரு. உனக்கும் யாராவது கட்டுவாங்க."

"எனக்கு யாரு இருக்கா கட்டறதுக்கு? இருந்த ஒரு அண்ணனும் போயிட்டான்."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "ஒன்னே ஒன்னு போதும், அதியெங். என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரே ஒரு புள்ளை" என்றான். சில காலம் கழித்து அஜாக் செத்தார். மாடு மிஞ்சவே இல்லை, ஒரு வருஷம் நோய், ஒரு வருஷம் கொள்ளை. என்னைக் கேட்டு அவன் வருவான் என்கிற நினைப்பை நானும் விடாமல்தான் இருந்தேன்.

பிறகு எங்கள் தெற்கு தனி நாடாகச் சுதந்திரம் அடைந்தது. புதுக் கொடி, புதுப் பாட்டு, தலைநகர் ஜூபாவில் துப்பாக்கி வெடித்துக் கொண்டாடினார்கள். வடக்கே பிழைக்கப் போனவர்களையெல்லாம் இனி இது உங்கள் நாடு இல்லை, போங்கள் என்று வடக்கத்தியர்கள் அனுப்ப ஆரம்பித்தார்கள். கட்டிலும் பெட்டியும் கோழியுமாகப் பெரிய படகுகளில் சனம் வந்து இறங்கியது. நாங்கள் வேடிக்கை பார்க்கப் போவோம். ஒருநாள் அப்படி ஒரு படகிலிருந்து முன்தலை வழுக்கையான ஒருவன் இறங்கி, எங்கள் ஊர்ப் பெயரையும் அஜாக்கின் பெயரையும் சொல்லி வழி கேட்டான்.

அத்தேமை வெள்ளம் கொண்டுபோனது உண்மைதான். ஆனால் ஒரு மரத்தில் சிக்கிப் பிழைத்திருக்கிறான். சிப்பாய்கள் பிடித்து வடக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். கார்ட்டூமுக்கு வெளியே செங்கல் சூளையில் இத்தனை வருஷம் மண் பிசைந்திருக்கிறான். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. வாசலில் வந்து நின்று பெயரைச் சொன்னதும் அகெச்தான் முதலில் கத்தியது.

"அம்மா, ஆத்துலேருந்து அப்பா வந்துட்டாரு."

அத்தேம் பயந்துபோனான். தனக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அவனுக்கு உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அழுதான். ஊரே அழுதது. மன்யாங் மட்டும் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தவே இல்லை.

அலுவெல் என்ன செய்வாள் என்று பார்க்க நான் அன்று முழுக்க அங்கேயே இருந்தேன். அவள் கஞ்சி காய்ச்சி இருவருக்கும் வைத்தாள். பிறகு தீர்ப்பு மாதிரி சொன்னாள்: "மாடு கொடுத்தது அத்தேம் பேருக்கு. இத்தனை நாள் பேரு மட்டும் இருந்துச்சு. இப்போ ஆளும் வந்துடுச்சு. நான் என்ன செய்ய?" அன்று மாலை மன்யாங் தன் ஈட்டியையும் தலைக்கு வைத்துப் படுக்கிற கட்டையையும் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோனான்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி அவன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை, தனக்கென்று கட்டலாம். மறுநாளே போய்ச் சொன்னேன். "மாடு எங்க இருக்கு?" என்றான். சொல்லும்போதுகூட என்னைப் பார்க்கவில்லை, அலுவெலின் குடிசைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அங்கேயே அவன் முகத்தில் சாணியை அப்பலாம் போல இருந்தது. பெயருக்காக எரிகிறான் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். பெயருக்கு மட்டும் இல்லை போல.

அண்ணனை அவனால் ஒரு வழியில்தான் குத்த முடிந்தது. அத்தேமின் நெற்றி மழுமழுவென்று இருந்தது. கோடு கீறிக்கொண்ட ஆண்பிள்ளை பசுவின் காம்பைத் தொட மாட்டான். பெண்களும் பொடிசுகளும்தான் கறப்பார்கள். ஒரு காலை எல்லோரும் இருக்கும்போது மன்யாங் சுரைக்குடுவையை நீட்டினான்.

"அண்ணே, உனக்குத்தான் நெத்தி சுத்தமா இருக்கே. போய்க் கறந்துட்டு வா."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தேம் கோபப்படுவான் என்று பார்த்தால், குடுவையை வாங்கிக்கொண்டு போய் மாட்டடியில் உட்கார்ந்தான். "சூளையில குடிச்சதெல்லாம் பொடிப் பாலுடா தம்பி. இது கிடைக்குமா?" என்றான். கறந்துகொண்டே சின்னவன் வாயில் பாலைப் பீச்சியடித்தான். மூன்றும் ஓடிவந்து வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன. அலுவெல் பல் இடைவெளி தெரியச் சிரித்தாள். அகெச் "எனக்குப்பா, எனக்குப்பா" என்று குதித்தது. அந்த ஒரு வார்த்தைக்காக மன்யாங் எவ்வளவு காலம் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அவன் கொட்டகைக்குள் போய்க் கதவுப் படலைச் சாத்திக்கொண்டான்.

அதன் பிறகு இருவரும் பேசுவதெல்லாம் சண்டைதான். கயிறு யாருடையது, வேலி யார் போட்டது, பையனை யார் அடிக்கலாம். அத்தேமுக்கும் பொறாமை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் "அப்பா" என்று அவனைக் கூப்பிடும், காய்ச்சல் வந்தால் சித்தப்பா மடியில்தான் போய்ப் படுக்கும். "எனக்குப் பேரு மட்டும்தான் விட்டு வச்சிருக்கான், மீதியெல்லாம் அவன்கிட்ட இருக்கு" என்று அத்தேம் என்னிடம் ஒருமுறை சொன்னான். இரண்டு பேரும் என்னிடம்தான் வந்து கொட்டினார்கள். அலுவெலைப் பற்றிக் கொட்ட எனக்குத்தான் ஆள் இல்லை.

நாடு பிறந்து மூன்றாவது பயிர்கூட எடுக்கவில்லை. ஜூபாவில் தலைவர்களுக்குள் தகராறு என்றார்கள். நேற்று வரை ஒரே கொடியைப் பார்த்துக் கைதட்டியவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். எங்கள் மாடுகளை முதலில் ஓட்டிப்போனார்கள். பிறகு தெற்கே புகை தெரிந்தது. காலை வெயில் ஏறும்போது சனமெல்லாம் ஆற்றுக்கு ஓடியது. பாய், பானை, ஆடு, கிழவர்கள், எல்லாம் கரையில்.

மன்யாங்கிடம் மீன் பிடிக்கிற தோணி ஒன்று இருந்தது. மீன் பிடிக்கிறவன் மாடில்லாத ஏழை என்று நாங்கள் கேலி செய்த தோணி. அதில் அலுவெலும் மூன்று பிள்ளைகளும் ஏறினார்கள். அத்தேம் ஒரு காலை வைத்தான். அப்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். என் அண்ணன் குடும்பம் வேறு படகில் போயிருந்தது. அத்தேம் என்னைப் பார்த்தான், காலை எடுத்துவிட்டான்.

"இவ ஏறட்டும். நான் நாணலுக்குள்ள இருக்கேன். அடுத்த நடையில வரேன்."

நான் ஏறினேன். மன்யாங் துடுப்பை ஊன்றித் தள்ளினான். நடு ஆற்றில் போகும்போது பின்னால் வெடி கேட்டது. சின்னவன் என் மடியில் மூத்திரம் போனான்.

அந்தக் கரையில் சதுப்பு. இடுப்பளவு சேற்றில் இறங்கி மன்யாங் ஒவ்வொருவராகத் தூக்கி மேட்டில் விட்டான். பிறகு தோணி விளிம்பில் உட்கார்ந்து நாங்கள் வந்த கரையைப் பார்த்தான். நாணலுக்கு மேலே எங்கள் கூரைகள் எரிவது தெரிந்தது. அலுவெலும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைப் பாக்கற?" என்றான்.

"உன் அண்ணனை."

அவன் துடுப்பைக் கையில் எடுத்தான்.  அவன் போனால் திரும்ப மாட்டான் என்று தெரிந்துவிட்டது. சேற்றில் இறங்கித் தோணியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இடம் விட்டவன் அங்கே நாணலுக்குள் கிடக்கிறான் என்பது எனக்கு மறக்கவில்லை. இருந்தும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"போகாத. அவன் ஏற்கெனவே செத்தவன். காளை வெட்டியாச்சு, அழுதாச்சு. புள்ளைங்க உன்கிட்ட இருக்கு. அவளும் இருக்கா. நீ இத்தனை வருஷம் கேட்டது இதானே?"

மன்யாங் என்னைப் பார்த்தான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தான்.

"உனக்குத் தெரியாது, அதியெங். அவன் செத்துக் கிடந்த காலம் முழுக்க நான் அவன்கிட்ட தோத்தேன். ஒருநாள்கூட ஜெயிக்கல. உயிரோட இருக்கறவன்கிட்டன்னா கயிறுக்காவது சண்டை போடலாம். மறுபடி செத்தவன்கூட என்னால மல்லுக்கட்ட முடியாது."

என் விரல்களைத் தோணியிலிருந்து பிரித்துவிட்டுப் போனான்.

மதியம் தாண்டித் தோணி ஆற்றோடு கீழே வெகுதூரத்தில் ஒதுங்கியது. அதில் அத்தேம் படுத்திருந்தான். அவனுக்குத் துடுப்புப் போடத் தெரியாது, கையாலேயே தண்ணீரை அளைந்து வந்திருக்கிறான். தள்ளிவிடும்போது மன்யாங் முதுகில் குண்டு பட்டதாம். "திட்டிக்கிட்டேதான் தள்ளினான்" என்றான் அத்தேம். "காலை உள்ள வைடா, பால்காரான்னு திட்டினான். அப்புறம் தண்ணிக்குள்ள போயிட்டான். மேல வரல." அலுவெல் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். அவள் அழுத அழுகையைப் பார்த்து எனக்கு அழுகை நின்றுவிட்டது. பெயருக்கு ஒரு புருஷன் பக்கத்திலேயே நிற்க, இவனுக்கு இப்படி அழ இவளுக்கு யார் உரிமை கொடுத்தது?

அக்கரையிலிருந்த மிங்கமானில் மரத்தடி மரத்தடியாக சனம் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் படுதா, மூட்டைச் சோளம், வரிசை. மழை வந்து போனது. ஒருநாள் நான் அத்தேமிடம் போனேன். அவன் கரிமூட்டத்துக்கு மரம் பிளந்துகொண்டிருந்தான்.

"உன் தம்பி பேரு மண்ணுல கிடக்கு."

கோடரியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "உடம்பைப் பாக்காம செத்தான்னு சொல்லாத. என்னையும் இப்படித்தான் சொன்னாங்க. அவன் திரும்பி வந்துட்டா?"

"வந்தா வரட்டும். பொண்டாட்டி புள்ளையோட வீடு தயாரா இருக்கும். உனக்கு அப்படித்தானே இருந்துச்சு?"

அவன் கோடரியை மறுபடி எடுத்துக்கொண்டான். பெரியவர்கள் கூடினார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள், தம்பிக்காக அண்ணன் கட்டவும் வழி இருக்கிறது. மாடுதான் இல்லை. ஒரு ஆடு கைமேல், மீதி அகெச்சின் கல்யாணத்துக்கு வரும் மாட்டிலிருந்து என்று அத்தேம் வாக்குக் கொடுத்தான். மன்யாங் பெற்ற பெண்ணின் மாட்டில் மன்யாங்குக்கு மனைவி. என் அண்ணன் முனகிவிட்டு ஒத்துக்கொண்டான், என்னை வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

மன்யாங்கின் மனைவி நான். சாணியில் கைவைத்து, ஊர் பார்க்க, அவன் பெயருக்குக் கட்டப்பட்டவள். அலுவெலுக்கு அது கிடைக்கவில்லை. அத்தேம் என் படுதாவுக்கு வருகிற நாட்களில் அவள் பானையை உருட்டுகிற சத்தம் மூன்று மரம் தள்ளிக் கேட்கும். அவளுக்கு எரிச்சல் அத்தேம் வருவதற்கா, மன்யாங்கின் பெயர் என்னிடம் இருப்பதற்கா என்று எனக்குத் தெரியும். எரியட்டும். பிள்ளை தங்காது என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்களே, எனக்கு ஒரு பையன் பிறந்தான். தாத்தா பெயரை வைத்தோம். அஜாக். அஜாக் மன்யாங்.

மேலேயிருந்தோ கீழேயிருந்தோ படகு வந்தால் நான் கரைக்குப் போவேன். அலுவெலும் வந்து நிற்பாள். இறங்குகிறவர்களின் நெற்றியைப் பார்ப்போம். பேசிக்கொள்ள மாட்டோம்.

போன வாரம் அத்தேம் கரிமூட்டை போட்டுவிட்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தான். பையன் தத்தித் தத்திப் போய் அவன் முட்டியைப் பிடித்து ஏறினான். அத்தேம் தூக்கி மடியில் வைத்தான். கைக்கரியைப் பையன் கன்னத்தில் பூசிச் சிரிக்க வைத்தான். அவனுக்கென்று, அவன் ரத்தத்தில், பிறந்த ஒரே பிள்ளை அது. பையன் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா" என்றான்.

சோளம் குத்திக்கொண்டிருந்த நான் உலக்கையை நிறுத்தினேன்.

"அவரு பெரியப்பா. உன் அப்பன் ஆத்துல இருக்கான்."

பையன் மறுபடி "அப்பா" என்றான். நானும் மறுபடி சொன்னேன். அத்தேம் ஆற்றைப் பார்த்தபடி பையனைக் கீழே இறக்கிவிட்டான்.